டோனா, சத்தமா?

கிட்டார் ஆம்ப் வேலைக்கு கொண்டு வந்த அந்த சார்கிட்ட "நீங்க தேடறது டோன் இல்ல, சத்தம்"னு சொல்லியிருக்கணுமான்னு சால்டரிங் அயர்ன் சூடாகற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கற நேரத்துல எல்லாம் தோணுது. சொன்னது பொய் இல்ல, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது, ஆனா அவரு கேட்டது வேற.

அவரு கொண்டு வந்தது மார்ஷல் 1987, அது வருஷம் இல்ல மாடல் நம்பர், 50 வாட்ஸ், பின்னாடி ரெண்டு ஈஎல்34 பவர் வால்வு, மாஸ்டர் வால்யூம், அதாவது கடைசியில மொத்த சத்தத்த மட்டும் குறைக்கற நாப், கிடையாது. அந்த ஆம்ப் தெரிஞ்சவங்களுக்கு தெரியும், பத்து வரைக்கும் இருக்கற வால்யூம் நாப் மூணு தொடறதுக்குள்ளயே சத்தம் முக்காவாசி வந்துடும், அதுக்கு மேல திருப்பினா ஏறறது டிஸ்டார்ஷன்தான், ராக் கிட்டார்ல கேக்கற அந்த கரகரப்பு. நாப் பக்கத்துல ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, அதுல பால்பாயின்ட் பேனால ஒரு கோடு, ஒண்ணரைக்கு கொஞ்சம் முன்னாடி. "வீட்டம்மா போட்ட லட்சுமணன் கோடு தம்பி, தாண்டினா பக்கத்து ஃப்ளாட்டுக்காரர் பெல் அடிச்சிடுவாரு"ன்னு சிரிச்சாரு. அவரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, ஃபேஸ் இன்வெர்ட்டருக்கும் (சிக்னல ரெண்டா பிரிச்சு அனுப்பற இடம்) பவர் வால்வுக்கும் நடுவுல ஒரு டபுள் பாட், ரெண்டு அடுக்கு வால்யூம் கன்ட்ரோல், வச்சு மாஸ்டர் வால்யூம் ஆக்கிக் குடு, வேணா யூஸ் பண்ணாத இன்புட் ஜாக்க எடுத்துட்டு அந்த ஓட்டையிலயே வச்சுக்கோன்னாரு. விஷயம் தெரிஞ்ச ஆளு.

நான் செஞ்சு குடுத்துட்டு காசு வாங்கியிருக்கலாம். வாய் சும்மா இருந்தாத்தானே.

அந்த பாட் வச்சா பவர் வால்வு தூங்கிடும் சார், அதுக்கு முன்னாடி இருக்கற ப்ரீஆம்ப், ஃபேஸ் இன்வெர்ட்டர் டிஸ்டார்ஷன் மட்டும்தான் கிடைக்கும்னு ஆரம்பிச்சேன். அப்போ சத்தம் குறைக்கற அட்டெனுவேட்டர் பெட்டி வச்சான்னாரு. அது ஸ்பீக்கருக்கு முன்னாடி பவர சூடா மாத்தி விட்டுடும், ஆம்ப் என்னமோ ஃபுல்லாத்தான் ஓடும், ஆனா வெறும் ரெசிஸ்டர் போட்ட மலிவான பெட்டியா இருந்தா பாஸும் ட்ரெபிளும் அமுங்கிடும், ஏன்னா நிஜ ஸ்பீக்கரோட இம்பீடன்ஸ், அதாவது கரண்ட்டுக்கு அது காட்டற எதிர்ப்பு, அடியில ஒரு இடத்துலயும் மேல போகப் போகவும் ஏறும், ரெசிஸ்டர் தட்டையா நிக்கும். 5 வாட்ஸ் ஆம்ப் வாங்கட்டுமான்னாரு. பத்துல ஒரு பங்கு பவர்னா காதுக்கு ஏறக்குறைய பாதி சத்தம்தான் சார் குறையும், உங்க கேபினெட்ல இருக்கற வின்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தள்ளி 100 டெசிபல் குடுக்கும், குடியிருப்பு பகுதிக்கு சட்டம் பகல்ல விடறது 55, ராத்திரி பத்துக்கு மேல 45ன்னேன். மனுஷன் முகம் சுருங்கிடுச்சு. அப்பவே நிறுத்தியிருக்கணும்னு நினைக்கறவங்க நினைச்சுக்கலாம், நான் என்ன சொல்றேன்னா, விவரம் கேட்டவருக்கு விவரம் சொல்றதுல என்ன குத்தம்?

அதுக்கப்புறம்தான் அந்த டெஸ்ட். எது ஓடுதுன்னு தெரியாம அவர திரும்பி உக்கார வச்சு, போன்ல மீட்டர் பாத்து எல்லாத்தையும் ஒரே சத்தத்துக்கு கொண்டு வந்து, ஒரு தடவை நிஜ ஸ்பீக்கர் மாதிரியே நடந்துக்கற நல்ல ரியாக்டிவ் அட்டெனுவேட்டர்ல ஆம்ப் ஆறுல, இன்னொரு தடவை டேப் கோட்டுலயே வச்சு முன்னாடி டிஸ்டார்ஷன் சேக்கற ஒரு சாதா ஓவர்டிரைவ் பெடல். அவரு பெடல் போட்ட தடவைக்கு கை தூக்கி "இதுதான் வால்வு, இதுல உயிர் இருக்கு"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு அல்ப சந்தோஷம், மறைக்க மாட்டேன்.

அப்புறம் எல்லாத்தையும் கழட்டிட்டு நேரா கேபினெட்டுக்கு குடுத்து ஏழுல வச்சேன். ஒரு ஏ கார்ட் அடிச்சாரு, ட்ரேல கிடந்த ஸ்க்ரூ எல்லாம் ஆடுச்சு, ஷட்டர் தகரம் கூடவே அதிருச்சு. அவரு சட்டைக் காலர் பக்கம் கைய வச்சுக்கிட்டு "இதுதான் தம்பி, இதுதான்"ன்னாரு. அப்பதான் சொன்னேன், "சார், நீங்க தேடறது டோன் இல்ல, சத்தம். அத சத்தமில்லாம யாராலயும் குடுக்க முடியாது."

"அப்படியா"ன்னாரு. அவ்வளவுதான். கேபிள முழங்கையில சுத்தினாரு, எவ்வளவு ஆச்சுன்னு கேட்டாரு, ஒண்ணும் வேணாம்னேன், வச்சுட்டுப் போனாரு.

சரியாத்தான் சொன்னேன். ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 1933லயே வரைஞ்சு காட்டிட்டாங்க, சத்தம் குறைஞ்சா காது முதல்ல பாஸ விட்டுடும், உச்சத்துலயும் கொஞ்சம் விடும், அதனால அதே டோன் மெதுவா கேட்டா சொத்தையாத்தான் இருக்கும், ஆம்ப் மேல பழி இல்ல. ஸ்பீக்கர் கோனும் அவ்வளவு ஆடாது, உச்சத்த அமுக்கற அதோட கம்ப்ரெஷனும் வராது.

ஆனா அந்த டெஸ்ட் சரியான டெஸ்டான்னு கேட்டா? ஸ்பீக்கர் மாதிரி ஒரு லோடு இல்லாம வால்வு ஆம்ப ஓட்டினா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போயிடும், அதனால ஒவ்வொரு தடவையும் ஸ்டாண்ட்பைல போட்டு கேபிள் மாத்தினேன், நடுவுல நல்ல இடைவெளி, அந்த நேரத்துக்கு காது எதையும் ஞாபகம் வச்சுக்காது. அப்போ நான் நிரூபிச்சது என்ன, அவருக்கு காது இல்லைன்னா? இன்னொண்ணு, ஏழுல வச்சப்ப ஸ்பீக்கர் காத்து திரும்பி வந்து கிட்டார் தந்திய ஆட்டும், விட்ட நோட்டு சாகாம நிக்கும், அது கைக்குத் தெரியும், காதுக்கு மட்டும் இல்ல. அவரு அதத்தான் டோன்னு சொல்லியிருந்தா அதுவும் டோன்தானே. அத சத்தம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டேன். இருந்தாலும் ஃப்ளாட்ல அது கிடைக்காதுங்கறது மாறலையே.

இப்பவும் அதே பாட்ட மத்தவங்களுக்கு வச்சுக் குடுத்துட்டுத்தான் இருக்கேன், யாருக்கும் லெக்சர் கிடையாது, சந்தோஷமா வாங்கிட்டுப் போறாங்க. அவருக்கும் வச்சுக் குடுத்திருந்தா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருக்கும், கொஞ்ச நாள் வாசிச்சுட்டு "என்னமோ குறையுது தம்பி"ன்னு திரும்ப வந்திருப்பாரு, அப்போ நான் வேற மாதிரி சொல்லியிருப்பேனான்னா, அதுவும் தெரியல.