அனுபவத்தை எழுதுங்கள், அடையாளத்தை அல்ல

இணையத்தில் அனுபவக் குறிப்பு எழுதுகிறவர்களில் பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். படிப்பவருக்கு வேண்டிய விவரத்தை விட்டுவிட்டு, யாருக்கும் வேண்டாத, ஆனால் தம்மைக் காட்டிக்கொடுக்கிற விவரத்தை விலாவாரியாக எழுதிவிடுகிறார்கள். ஒரு உதாரணம்: "ஆபீஸ் முடிந்து வழக்கம்போல் ஏழு மணிக்கு வந்து பார்த்தால் வாஷிங் மெஷினில் தண்ணீர் அப்படியே நிற்கிறது. வீடியோ பார்த்து நானே சரிசெய்துவிட்டேன்!" வீடு எத்தனை மணிவரை பூட்டிக் கிடக்கும் என்பது தெரிந்துவிட்டது. மெஷினை எப்படிச் சரிசெய்வது என்பது மட்டும் தெரியவில்லை.

அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "முன்பக்கக் கதவுள்ள மெஷின். தண்ணீர் வெளியேறவில்லை, பம்ப் உறுமும் சத்தம் மட்டும் வந்தது. பிளக்கைக் கழற்றி, தண்ணீர் ஆறும்வரை விட்டு, கீழ் மூலையில் உள்ள சிறிய மூடியைத் திறந்தேன். அங்கிருந்த மெல்லிய குழாயின் மூடியை எடுத்து, தண்ணீரைத் தட்டையான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்தேன். அதற்குப் பிறகுதான் ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுத்தேன். ஒரு நாணயமும் நூல் திரளும் சிக்கியிருந்தன. உள்ளே இருக்கும் சிறிய சக்கரம் விரலால் தள்ளினால் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு, ஃபில்டரை இறுக்கி மூடினேன்."

இதில் உயிர்நாடி அந்த "அதற்குப் பிறகுதான்". வரிசை மாறி ஃபில்டரை முதலில் திருகினால், டிரம்மில் நிற்கிற தண்ணீர் முழுக்கத் தரைக்கு வந்துவிடும். செய்து முடித்தவருக்கு இது சொல்லத் தேவையில்லாத விஷயமாகத் தோன்றும். முதல் தடவை செய்கிறவர் தடுக்கி விழுவது அங்கேதான். இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும்: இந்த யோசனை யாருக்குப் பொருந்தாது என்பது. பம்ப் சத்தமே வரவில்லை என்றால் கோளாறு மின்சாரப் பக்கம் இருக்கலாம், அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. எல்லையைச் சொல்லாத ஆலோசனையால் நல்லதைவிடக் கெடுதலே அதிகம்.

சாதனம் என்றால் மாடல் எண், மென்பொருள் என்றால் பதிப்பு எண், எப்போது செய்தது என்ற ஆண்டு. திரையில் வந்த பிழைச் செய்தியை உங்கள் வார்த்தையில் மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். அதே பிழையில் மாட்டிக்கொண்டவர் அந்த வாசகத்தைப் போட்டுத்தான் தேடுவார். பலிக்காமல் போன முயற்சிகளையும் எழுதுங்கள். அடுத்தவருக்கு அரை நாள் மிச்சம்.

உடம்பு சம்பந்தப்பட்டதென்றால் கூடுதல் கவனம் வேண்டும். சாதாரண ஜலதோஷம் எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் போய்விடும். மிக மோசமாக இருக்கிற நாளில்தான் நாமும் கஷாயமோ மாத்திரையோ தேடுகிறோம். அதற்குப் பிறகு குறைவது இயல்பு, பெயர் மட்டும் கஷாயத்துக்கு. முதுகுவலியிலும் பல சமயம் இதே கதைதான். ஆகவே "இதைக் குடித்தேன், குணமானது" என்பதற்குப் பதில் எத்தனையாவது நாளில் ஆரம்பித்தீர்கள், கூடவே வேறென்ன செய்தீர்கள் என்று எழுதினால் படிப்பவரே எடைபோட்டுக்கொள்வார். மருந்தின் அளவை எழுதவே வேண்டாம். எடை, சிறுநீரகத்தின் நிலை, கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் அளவு முடிவாகிறது. டாக்டரிடம் என்ன கேட்டீர்கள், என்ன பரிசோதனை எழுதித் தந்தார் என்பதைச் சொன்னால் போதும்.

இனி மறுபக்கம். பெயரைப் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிற நம்பிக்கையைப் போல ஏமாற்றுவது வேறில்லை. 2006-ல் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் ஆறரை லட்சம் பேரின் தேடல் பதிவுகளை, பெயருக்குப் பதில் எண் போட்டு வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியின் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். லத்தான்யா ஸ்வீனி என்ற கணினி ஆய்வாளர் 2000-த்தில் காட்டிய கணக்கும் இதையே சொல்கிறது: பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு என்ற மூன்றை மட்டும் வைத்து அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிட முடியும்.

"வயது 34, இரட்டைக் குழந்தைகள், பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை, போன செவ்வாய்க்கிழமை முதலாளி வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார்" என்று ஒருவர் எழுதினால், அந்த முதலாளிக்கு இரண்டாவது வரி தேவைப்படாது. கேட்கிற கேள்விக்கு எது வேண்டும்? எழுத்து மூலம் ஒப்பந்தம் உண்டா, எத்தனை வருட வேலை, முன்னறிவிப்பு தந்தார்களா, எந்த நாட்டுச் சட்டம். இவற்றை மாற்றாதீர்கள், மாற்றினால் பதில் தப்பாகிவிடும். வயது முப்பதுகள் ஆகலாம், செவ்வாய் "சில வாரங்களுக்கு முன்" ஆகலாம், இரட்டையர் வெறும் குழந்தைகள் ஆகலாம். பணத்தைத் தொகையாகச் சொல்லாமல் விகிதமாகச் சொல்லலாம். "சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு கடனுக்குப் போகிறது" என்பதே ஆலோசனை சொல்லப் போதும். குழந்தையின் காய்ச்சலைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் வயதில் கைவைக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் பதிலே வேறு.

பல இடங்களில் ஒரே பயனர் பெயர் வைத்திருப்பவர்கள் அதை ஒரு தடவை தேடிப் பார்க்கட்டும். சமையல் குறிப்பும் பழைய பைக் விற்பனை விளம்பரமும் குடும்பச் சண்டையும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

போட்டோ விஷயத்தில் கெடுவது இன்னும் சுலபம். போனில் இருப்பிட அனுமதி இருந்தால் கேமரா எடுக்கிற படத்துக்குள்ளேயே இடத்தின் ஆயத்தொலைவுகள் பதிந்துவிடும். எளிய வழி, அந்தப் படத்தைத் திரையில் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைப் போடுவது. புதிய கோப்பில் பழைய இடக்குறிப்பு இருக்காது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டின் மேல்பட்டையில் வந்து நிற்கும் நோட்டிஃபிகேஷனையும் மூலையில் இருக்கும் புரொஃபைல் படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தை மறைக்கப் பேனாக் கருவியில் ஹைலைட்டரைத் தேய்க்காதீர்கள். அது பாதி ஒளிபுகும், வெளிச்சத்தைக் கூட்டினால் கீழிருப்பது தெரிந்துவிடும். முழுக்கறுப்புக் கட்டம்தான் சரி. அதுவும் பிடிஎஃப் கோப்பில் செல்லாது, கட்டத்துக்கு அடியில் இருக்கும் எழுத்தை இழுத்து காப்பி செய்யலாம். வெட்டிய படமும் பத்திரமில்லை என்பது 2023-ல் வெட்டவெளிச்சமானது: கூகுள் பிக்சல் போனின் படம் திருத்தும் கருவியில் வெட்டப்பட்ட ஸ்கிரீன்ஷாட்களின் வெட்டுப்பட்ட பகுதியை மீட்டெடுக்க முடிந்தது. டிக்கெட், பார்சல் படங்களில் பெயரை மறைத்துவிட்டு பார்கோடை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பெயரும் முன்பதிவு எண்ணும் அதற்குள்ளேயே இருக்கலாம்.

வீட்டாரின் நோய், மனைவியோடு மனத்தாங்கல், பிள்ளையின் மதிப்பெண் எல்லாம் உங்களுடைய அனுபவம் மட்டும் அல்ல. கேட்டுவிட்டு எழுதுங்கள், கேட்க முடியாத வயதென்றால் எழுதாமலிருங்கள்.

பணம் சிக்கிக்கொண்டது, கணக்கு முடங்கியது என்று எழுதினால் கொஞ்ச நேரத்திலேயே "வாடிக்கையாளர் சேவை" என்ற பெயரில் யாராவது தனிச்செய்தியில் வருவார்கள். அசல் சேவைப் பிரிவு ஓடிபி கேட்காது, திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லாது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்பவர்கள் இரண்டாவது சுற்றுக்கு வந்தவர்கள். பதிலே போடாமல் பிளாக் செய்துவிடுங்கள்.

பிறகு நீக்கிவிடலாம் என்று நினைத்து எதையும் எழுத வேண்டாம். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகங்களும் அடுத்தவர் போனில் இருக்கும் ஸ்கிரீன்ஷாட்டும் உங்கள் கைக்கு எட்டாதவை. நீக்குவதைவிடத் திருத்துவதுதான் அடிக்கடி தேவைப்படும். "நீங்கள் சொன்னபடி செய்தேன், சரியாகவில்லை" என்று யாராவது வந்தால், எந்தப் படியில் நின்றது, அப்போது என்ன தெரிந்தது என்று கேளுங்கள். வருகிற பதிலை அடியில் உரையாடலாக விட்டுவிடாமல், தேதி போட்டு, அந்தப் படிக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள். அவசரத்தில் படிப்பவர் அடிவரைக்கும் இறங்கி வரமாட்டார்.