நான் சொன்னது சரிதான், ஆனாலும்

"நண்பன் என்று நினைத்துப் படங்களை அனுப்பினேன். நீ நேர்காணல் நடத்திவிட்டாய்" என்றான் என் நண்பன். அதன் பிறகு அவன் எனக்கு ஒரு படம்கூட அனுப்பவில்லை.

அவனுக்கும் என்னைப்போல் அனிமேஷன் நிறுவனத்தில் கதாபாத்திரங்களை வடிவமைக்கும் வேலை வேண்டும். அனுப்பிய முகங்கள் ஒவ்வொன்றும் அழகு. கண்ணில் ஒளி விழும் இடத்தைக்கூட அவ்வளவு பொறுமையாகத் தீட்டியிருந்தான். ஆனால் ஒருவன் கைகளைப் பின்னால் கட்டியிருந்தான். ஒருத்தி சால்வைக்குள் வைத்திருந்தாள். போர்வீரனின் கை கேடயத்துக்குப் பின்னால் போயிருந்தது. கை வரைய வராதவர்கள் அதை ஒளித்துவைக்கும் இடங்கள் இவைதான் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும்.

"கை எங்கே?" என்று கேட்டேன். அடுத்து, "தினமும் எவ்வளவு நேரம் வரைகிறாய்?" என்றேன். மனம் ஒன்றும்போது வரைவதாகச் சொன்னான். "இங்கே யாரும் மனம் ஒன்றும்வரை காத்திருப்பதில்லை. கையை மட்டும் ஒரு நூறு வரைந்து கொண்டு வா. எங்கள் கலை இயக்குநரிடம் நானே காட்டுகிறேன்" என்றேன். அப்போதுதான் அவன் அந்த நேர்காணல் வார்த்தையைச் சொன்னான்.

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும்? நாங்கள் வரையும் கதாபாத்திரம் எங்களோடு நிற்பதில்லை. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று வரைந்து கொடுத்தால்தான் அடுத்தவர் அதை முப்பரிமாண உருவமாக்க முடியும். கையே தெரியாத படத்தை வைத்துக்கொண்டு அவர் விரல்களை எங்கிருந்து கொண்டுவருவார்? "அருமை, தொடர்ந்து வரை" என்று சொல்லி அனுப்பியிருந்தால் இதே குறையை முகம் தெரியாத ஒருவர் பார்த்துவிட்டு, காரணம்கூடச் சொல்லாமல் கோப்பை மூடியிருப்பார்.

இப்படி மனத்தைத் தேற்றிக்கொள்ளும்போதெல்லாம் 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வு குறுக்கே வருகிறது. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் நடத்தியது. ஓவியம் வரைவதில் ஆர்வமுள்ள சிறு குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, விருப்பம்போல் விளையாட விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. அப்படியானால் அவன் ஆர்வத்தைக் கெடுத்தது என் கண்டிப்பு அல்ல, கலை இயக்குநரிடம் காட்டுவதாக நான் கொடுத்த வாக்குத்தானோ? ஆனால் அவன் குழந்தையல்ல. வேலை வேண்டும் என்று கேட்டவனும் அவன்தான்.

வின்சென்ட் வான்கோ 27 வயதில்தான் ஓவியராக முடிவெடுத்தார் என்று அவன் அடிக்கடி சொல்வான். உண்மைதான், 1880இல். அந்தத் தொடக்க காலத்திலேயே அவர் சார்லஸ் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியரின் பயிற்சிப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார் என்பதை மட்டும் சொல்லமாட்டான். வாழ்வின் கடைசி ஆண்டான 1890இலும், இத்தனை ஓவியங்களைத் தீட்டிய பிறகும், அதே பயிற்சிப் படங்களை மறுபடி கையில் எடுத்தார் வான்கோ. இதை அன்றே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும். உடனே இன்னொரு எண்ணமும் வரும்: "நூறு கை வரைந்து கொண்டு வா" என்று வான்கோவிடம் யாரும் சொல்லவில்லையே. வரைந்தே தீரவேண்டும் என்ற அந்த அரிப்பு உள்ளிருந்து வரவேண்டும் என்றால், நண்பர்கள் செய்யக்கூடியதுதான் என்ன? அலுவலகத்தில் இளையவர்களை நான் தூண்டவே தேவையில்லை. அவர்களுக்குக் கெடு இருக்கிறது. அவனுக்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

அண்மையில் இன்னொரு தோழி தன் பின்னணி ஓவியங்களை அனுப்பினாள். வண்ணம் பிரமாதம். தெருவின் கோடுகள்தான் தொலைவில் ஒரு புள்ளியில் சேராமல் திசைக்கொன்றாய் ஓடின. இந்த முறை முதலிலேயே கேட்டேன்: "வேலைக்கு எடுப்பவராகப் பார்க்கவா, நண்பராகப் பார்க்கவா?" இரண்டும் வேண்டும் என்றாள். வண்ணத்தை மனதாரப் பாராட்டினேன், கோடுகளைப் பற்றியும் சொன்னேன். அதோடு நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. தினமும் எவ்வளவு நேரம் வரைகிறாய் என்று அவளிடமும் கேட்டுவிட்டேன்.