நோராவின் பணப்பை

நார்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்றிக் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தைப் பல ஆண்டுகள் கழித்துச் சென்ற வாரம் மறுபடியும் படித்தேன். முதன்முறை படித்தபோது என் மனம் கடைசிக் காட்சியிலேயே தங்கிவிட்டது: கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு நோரா வெளியேறுகிறாள், கீழே வாசற்கதவு சாத்தப்படும் ஓசை கேட்கிறது, திரை விழுகிறது. இம்முறை என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு கடன் பத்திரம். நோயுற்ற கணவனை இத்தாலிக்கு அழைத்துச் சென்று பிழைக்க வைக்க நோராவுக்குப் பணம் வேண்டும்; கணவனின் சம்மதமின்றி மனைவி கடன் வாங்க முடியாத காலம் அது. அவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கும் அவள், ஜாமீனுக்குத் தந்தையின் கையெழுத்தைத் தானே போட்டுவிடுகிறாள். அந்தக் கையெழுத்தின் தேதி அக்டோபர் 2. தந்தை இறந்தது செப்டம்பர் 29. இந்த மூன்று நாள் வித்தியாசத்தில்தான் அந்தக் குடும்பமே சரிகிறது.

இப்சனின் செல்வாக்கைப் பற்றிப் பேசுபவர்கள், செய்யுள் நாடகத்தை விட்டு நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தையும் அன்றாடப் பேச்சையும் அவர் மேடைக்குக் கொண்டுவந்ததை முதலில் சொல்வார்கள். அது உண்மை. நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா 1891இல் அவரைப் பற்றித் தனி நூலே எழுதினார். பின்னாளில் பெரும் நாவலாசிரியரான ஜேம்ஸ் ஜாய்ஸ் தம் 18ஆம் வயதில், 1900இல், அவரைப் பற்றிக் கட்டுரை எழுதியதோடு, அவர் மொழியைக் கற்று அடுத்த ஆண்டு அவருக்கு அம்மொழியிலேயே கடிதமும் எழுதினார். ஆனால் நாடக உத்தி கைமாறுவது எல்லாக் காலத்திலும் நடப்பதுதான். இப்சன் விட்டுச்சென்றவற்றுள் அதைவிடப் பெரிது, அவர் பதில் சொல்ல மறுத்த ஒரு கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது: வெளியேறிய நோரா பிறகு என்ன ஆனாள்?

அந்தக் கேள்வியை அக்காலத்தவரால் தாங்க முடியவில்லை. 1879 டிசம்பர் 4ஆம் தேதி கோபன்ஹேகனில் வெளியான நூலின் 8,000 பிரதிகள் ஒரு மாதத்திற்குள் தீர்ந்தன. 21ஆம் தேதி அந்நகரின் அரச அரங்கில் நாடகம் மேடையேறியது. மறு ஆண்டு ஜெர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த நடிகை ஹெட்விக் நீமன்-ராபே, தான் ஒருபோதும் பிள்ளைகளை விட்டுப் போகமாட்டேன் என்று கூறி அந்த முடிவை நடிக்க மறுத்தார். அயல்நாட்டு நாடகாசிரியருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு இல்லாததால், வேறு யாரேனும் கைவைப்பதற்கு முன் தாமே மாற்றிவிடலாம் என்று இப்சன் முடிவெடுத்தார். அதன்படி எழுதிய காட்சியில் கணவன் நோராவைக் குழந்தைகள் உறங்கும் அறைவாசலுக்கு இழுத்துச் செல்கிறான், அவள் அங்கேயே சரிந்து விழுகிறாள். அந்த மாற்றத்தைக் காட்டுமிராண்டித்தனமான வன்முறை என்று இப்சனே கண்டித்தார். தம் படைப்பைக் காப்பாற்றத் தம் கையாலேயே அதைச் சிதைக்க நேர்ந்த அவர் நிலையை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. நல்லவேளையாக அந்த முடிவு நிலைக்கவில்லை.

கேள்வியை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டவர்கள் ஐரோப்பாவிற்கு வெளியே இருந்தார்கள். 1911இல் தோக்கியோவில் மட்சுயி சுமாகோ நோராவாக நடித்தது ஜப்பானில் பெண்ணுரிமை பற்றிய பெரும் விவாதத்தைக் கிளப்பியது. சீனாவில் 'புதிய இளைஞர்' இதழ் 1918 ஜூனில் இப்சன் சிறப்பிதழ் வெளியிட்டு, ஹூ ஷியும் லுவோ ஜியாலுனும் மொழிபெயர்த்த 'பொம்மை வீடு' நாடகத்தை அதில் அச்சிட்டது. மணமகனைப் பெற்றோரே முடிவுசெய்த சமூகத்தில், படித்த இளம்பெண்களுக்கு நோரா ஒரு வழிகாட்டியாகவே ஆகிவிட்டாள்.

இந்த இடத்தில்தான் சீன எழுத்தாளர் லூ சுன் வருகிறார். 1923 டிசம்பர் 26ஆம் தேதி பெய்ஜிங்கின் மகளிர் உயர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில், நோரா வெளியேறிய பின் என்ன நடக்கும் என்ற தலைப்பிலேயே அவர் உரையாற்றினார். கூண்டிலிருந்து பறந்த பறவைக்கு வெளியே பருந்தும் பூனையும் காத்திருக்கின்றன. நோராவுக்கு உள்ளவை இரண்டே வழிகள், ஒன்று சீரழிவது, மற்றொன்று வீடு திரும்புவது. விழித்துக்கொண்ட மனத்தோடு அவள் பணப்பையில் பணமும் வேண்டும் என்றார். தங்களைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்து வந்த மாணவியருக்கு அந்தச் சொற்கள் கசந்திருக்கலாம். என் வாசிப்பில், கதவோசையில் மயங்காமல் அந்தக் கடன் பத்திரத்தைக் கண்டுகொண்ட வாசகர் அவர். பணத்தில் தொடங்கும் நாடகத்தைப் பணத்திடமே திருப்பிக் கொண்டுவந்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து அதையே ஒரு சிறுகதையாக எழுதினார். காதலன் இப்சனைப் பற்றிப் பேசப் பேச வியந்து கேட்கும் ஸிஜுன், நான் எனக்கே உரியவள் என்று அறிவித்து அவனோடு வாழ வருகிறாள். அவன் வேலை போகிறது, வறுமை வருகிறது, இனி உன்மேல் காதல் இல்லை என்று அவன் சொல்லிவிடுகிறான். பிறகு ஒருநாள் தந்தை வந்து அவளை அழைத்துச் செல்கிறார். அங்கே அவள் இறந்துபோகிறாள். தந்தையோடு அவள் கிளம்பிய அன்று வீடு திரும்பிய காதலன் ஒரு கடிதத்தைத் தேடுகிறான். கடிதம் எதுவும் இல்லை. உப்பு, காய்ந்த மிளகாய், மாவு, பாதி முட்டைக்கோஸ் எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. பக்கத்தில், இருவருக்கும் மிஞ்சியிருந்த சில பத்துச் செப்புக் காசுகளையும் அவனுக்காக அவள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.