லெக்சிங்டன் அவென்யூவில் ஒரு வேண்டுதல்

போன வருடம் என் வீட்டுக்காரருக்கு இதய ஆபரேஷன் என்றதும் வைத்தீஸ்வரன் கோயிலுக்குக் காசு முடிந்து வைத்தேன். இன்னொரு வேண்டுதலும் இருந்தது. நியூஜெர்சியில் எங்கள் பக்கத்து வீட்டு யூதப் பாட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் நியூயார்க் லெக்சிங்டன் அவென்யூவில் இருக்கும் சென்ட்ரல் சினகாக் என்ற யூதக் கோயிலின் வழிபாட்டை நேரலையில் போட்டு உட்கார்ந்துவிடுவார், நோயாளிகளுக்கான பிரார்த்தனை வரும்போது என் வீட்டுக்காரர் பெயரையும் சேர்த்துச் சொல்வார். ஒருநாள் நானும் கூட இருந்தேன். கிதாரோடு பாடிய அந்த ரப்பியின், அதாவது யூத மதகுருவின், குரலில் அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் வந்துவிட்டது. இவர் எழுந்து நடக்கட்டும், ரெண்டு பேருமாக உன் வாசலுக்கு வருகிறோம் என்று அப்போதே வேண்டிக்கொண்டேன்.

அன்று பாடியவர் ரப்பி ஏஞ்சலா பக்டால். தென் கொரியாவில் பிறந்தவர், அம்மா பௌத்தர், அப்பா யூதர். 1999இல் வழிபாட்டைப் பாடி நடத்தும் கேன்டர் ஆனார், 2001இல் ரப்பி. ஆசிய அமெரிக்கர்களில் இரண்டுக்குமே அவர்தான் முதல் ஆள். இந்த முகத்தோடு நீ யூதப் பெண்ணா என்ற கேள்வியிலேயே வளர்ந்தவர், இன்று எல்லா நிறத்து யூதர்களுக்கும் இங்கே இடம் உண்டு என்று விடாமல் பேசுகிறார். 'அந்நியரின் மனம் உங்களுக்குத் தெரியும், எகிப்தில் நீங்களும் அந்நியராக இருந்தீர்களே' என்று யூத வேதமான தோராவில் வரும் வசனத்தைப் பாட்டிதான் எனக்குச் சொன்னார். இந்த ஊருக்கு வந்த புதிதில் நான் தனியாகக் கிடந்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

வேண்டுதலை நிறைவேற்ற வீட்டுக்காரரும் நானும் பாட்டியும் கிளம்பிய அன்று நல்ல மழை. ரயில் தாமதம், ஸ்டேஷனில் கால் வைக்க இடமில்லை, பாட்டிக்கோ முட்டி வலி. வெளியே வந்ததும் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் பத்து டாலர் என்று ஏற்றிக்கொண்டு, இறங்கும்போது நிமிடக் கணக்குச் சொல்லி அறுபது வாங்கிவிட்டார். சாமி பார்க்க வந்த இடத்தில் சண்டை எதற்கு என்று கொடுத்தேன், ஆனாலும் வயிறு எரிந்தது. அப்புறம் வாசலில் பை சோதனை.

உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. 1872இல் கட்டிய கோயில், 1998இல் தீப்பிடித்துக் கூரையே விழுந்து, 2001 செப்டம்பரில் மறுபடி திறந்தார்களாம். சுவரெல்லாம் வண்ணக்கோலம்.

வெள்ளி சாயங்காலம் தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாள்தான் சபாத். அதை ராணியாக வரவேற்கும் பாட்டின் கடைசிச் சரணத்தில் அத்தனை பேரும் எழுந்து வாசல் பக்கம் திரும்பி நின்றார்கள். தேர் நம் தெருவுக்குள் திரும்பும்போது நிற்போமே, அதே நிற்பு. என் வீட்டுக்காரரும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ரப்பியின் குரல் மேலே போகப் போக எனக்கு வாசலும் தெரியவில்லை, விளக்கும் தெரியவில்லை, கண் முழுக்கத் தண்ணீர். அப்பா, எந்தப் பெயரில் கூப்பிட்டால் என்ன, காப்பாற்றிக் கொடுத்தாயே, கொடுத்தாயே என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நோயாளிகளுக்கான பிரார்த்தனை வந்தது. பாட்டி என் கையைப் பிடித்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் பார்க்க வர ஆளில்லாமல் கிடந்த ஒருவரின் பெயர் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன்.