பொங்கல் லீவில் வீட்டுக்கு வரும் காப்பக நாய்

2026 ஜனவரி 14, புதன் (போகி)

நாயை இன்றைக்கே கூட்டி வர வேண்டாம். விடிகாலையிலேயே டயர் புகை, பசங்கள் கையில் போகி மேளம். புது வீட்டில் முதலில் கேட்பது இந்தச் சத்தம் என்றால், கேட் இடுக்கில் நுழைந்து ஓடத்தான் பார்க்கும். வேலூர் சத்துவாச்சாரிப் பக்கம் வீடு என்றால் ஓடிப்போய் நிற்கும் இடம் பெங்களூரு நெடுஞ்சாலை.

இன்று கடை வேலையும் காகித வேலையும் மட்டும். நாளையிலிருந்து மருந்துக்கடையோ டாக்டரோ கிடைப்பது சந்தேகம். வாங்க வேண்டியவை: கழுத்துப் பெல்ட், ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை), ஆறடிக் கயிறு இரண்டு, எவர்சில்வர் கிண்ணம் இரண்டு, டிஜிட்டல் தெர்மாமீட்டர், உண்ணி எடுக்க இடுக்கி, வெள்ளை வினிகர் ஒரு பாட்டில், சுத்தமான சாக்கு நான்கு. தை மாதக் குளிரில் மொசைக் தரையில் வெறுமனே படுக்க விடக்கூடாது.

காப்பகத்தில் கேட்டு வாங்க வேண்டியது ஊசி அட்டை. அதில் வெறிநாய்க்கடி ஊசி போட்ட தேதியும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் இருக்க வேண்டும். காது நுனி நறுக்கியிருந்தால் கருத்தடை முடிந்தது என்றுதான் அர்த்தம். இந்த வருட ஊசி போட்டாயிற்று என்று அர்த்தமில்லை. பலர் ஏமாறுவது இங்கேதான். அங்கே என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜனவரி 15, வியாழன் (பொங்கல்)

பானை பொங்கி, வீடு அடங்கிய பிறகு மூன்று மணிக்குக் கூட்டி வருவது நல்லது. கிளம்புவதற்கு நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டால் வண்டியில் வாந்தி வராது. பைக்கில் மடியில் வைத்து வருவது வேண்டவே வேண்டாம். பெல்ட்டில் ஒரு கயிறு, ஹார்னஸில் ஒரு கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்தால் தலையை உருவிக்கொள்ளும். ஒன்று நழுவினாலும் மற்றது பிடிக்கும். பெல்ட்டுக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். பெல்ட்டில் போன் நம்பரை மார்க்கரால் எழுதியாக வேண்டும். கேட்டைப் பூட்டிய பிறகுதான் கார் கதவைத் திறப்பது.

முதலில் மூத்திரம் போகும் இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தி, பிறகு தெருவுக்கு எட்டாத பின்னறையில் விட வேண்டும். குளியல் இன்று இல்லை.

வந்த பெட்டை: இரண்டு வயது, 15 கிலோ, உடல் சூடு 101.4 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட் வரை சரி. நேரே கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அங்கிருந்து இழுக்கக் கூடாது. கை நீட்டிக் கடி வாங்கும் இடம் அதுதான். வளர்ந்த நாய் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தால் பயமில்லை, தண்ணீரையும் தொடவில்லை என்றால் டாக்டர் வேண்டும். கிலோவுக்கு 50–60 மில்லி கணக்கில் இதற்கு நாளுக்கு 750–900 மில்லி.

ஜனவரி 16, வெள்ளி (மாட்டுப் பொங்கல்)

காப்பகத்தில் கொடுத்த அதே கோழிச் சாதம்தான் இப்போதைக்கு. 15 கிலோ நாய்க்கு நாளுக்கு 850 கலோரி சுமார். வெந்த சாதம் 400 கிராம், எலும்பில்லாத வேகவைத்த கோழி 180 கிராம், பூசணிக்காய் 50 கிராம் சேர்த்தால் அந்தக் கணக்கு வந்துவிடும். உப்பு, மசாலா வேண்டாம். முதல் இரண்டு நாள் இதில் பாதி. சாதமும் கறியும் மட்டுமே தொடர்ந்தால் சுண்ணாம்புச் சத்து குறையும். முட்டை ஓட்டைக் காயவைத்து மாவாக அரைத்து நாளுக்கு அரை டீஸ்பூன் கலக்கலாம். பாக்கெட் தீவனத்துக்கு மாற்றுவதென்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும்.

பண்டிகைச் சமையலில் ஆபத்து அதிகம். சர்க்கரைப் பொங்கலில் உலர்திராட்சை. அது நாயின் சிறுநீரகத்தையே கெடுக்கும். வடையில் வெங்காயம், ரத்தத்துக்குக் கேடு. வெந்த கோழி எலும்பு குச்சியாகச் சிலும்பும். கரும்புச் சக்கை குடலில் அடைக்கும். ‘ஒரு வாய்தானே’ என்று பாட்டி கொடுப்பதைத் தடுப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் எருது விடும் விழா தை முழுக்க நடக்கும். மேளம், விசில், கூட்டம். அந்த ஊர்க்காரர்கள் நாயை வெளியே நடத்துவதைக் காலை ஆறுக்கு முன்போ இரவு ஒன்பதுக்குப் பின்போ வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குள் ஃபேன் சத்தம் நல்ல மறைப்பு.

ஜனவரி 17, சனி (காணும் பொங்கல்)

சொந்தக்காரர்கள் வருவார்கள், நாயைக் காட்டக் கூடாது. கோட்டைப் பூங்காவுக்கும் கூட்டிப் போகக் கூடாது. நகம் கீறினாலும் பல் பட்டாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனிதருக்கு வெறிநாய்க்கடிக்காகத் தோலுக்குள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாள்களில்.

ஜனவரி 18, ஞாயிறு

மலம் இளகியிருக்கிறது. இடம் மாறியதாலும் பயத்தாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் இது சகஜம். ரத்தம் கலந்தாலோ, குட்டி நாயாக இருந்து வாந்தியும் எடுத்தாலோ பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம்; அந்த மணி நேரமே டாக்டர். மனிதருக்கான பாராசிட்டமால், ஐபுபுரோஃபன் எதுவும் கொடுக்கக் கூடாது.

காது மடலிலும் விரலிடுக்கிலும் ஆறு உண்ணி. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது பழைய பழக்கம். தோல் வெந்துபோகும், நக்கினால் வயிற்றுக்குள் போகும்.

மூத்திரம் போன இடத்தைச் சரிபாதி வினிகர், தண்ணீர் கலந்து துடைத்தாயிற்று. பினாயில் என்றால் தரை காயும் முன் நாய் மிதித்துக் காலை நக்கும்.

இன்றைய முக்கிய வேலை தனிமைப் பழக்கம். நான்கு நாள் ஆள் கூடவே இருந்துவிட்டுத் திங்கட்கிழமை ஒன்பது மணி நேரம் பூட்டிப் போனால் கதவைப் பிராண்டும், ஊளையிடும். கதவைச் சாத்தி அரை நிமிடம், பிறகு இரண்டு, ஐந்து, பதினைந்து, முப்பது நிமிடம். கொஞ்சிவிட்டுப் போவதும் திரும்பியதும் கொண்டாடுவதும் கூடாது. பத்தாம் நிமிடத்தில் குரைத்தால் நேரத்தை ஐந்துக்குக் குறைத்து மறுபடி ஆரம்பிப்பது.

ஜனவரி 19, திங்கள்

அலுவலகத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, காலையில் டாக்டரிடம். கையில் ஊசி அட்டை, சின்ன டப்பாவில் அன்றைய மலம். ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். உண்ணி இருந்ததால் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும். உண்ணிக் காய்ச்சல் சில நாய்களில் வாரக்கணக்கில் வெளியே தெரியாது. குடற்புழு மாத்திரை எடைக்குத் தகுந்தபடி. பெரும்பாலும் பத்து கிலோவுக்கு ஒன்று, இதற்கு ஒன்றரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பதால் அடுத்தது ஏப்ரல் 19, ஞாயிறு.