வீட்டு நீச்சல் குளம்: வரைபடத்தில் முதலில், கடப்பாரை அப்புறம்

கூரை கிடையாது, சுவர் எழுப்பவில்லை, வெறும் குழிதானே, இதற்கு எதற்கு பிளான் அப்ரூவல்? வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி பக்கம் மனை வாங்கி வீடு கட்டுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இது. பதில் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. நிலத்துக்கு மேலே மட்டுமல்ல, அடியில் செய்யும் கட்டட, பொறியியல் வேலையும் அந்தச் சட்டப்படி ‘அபிவிருத்தி’, அதாவது அனுமதி வாங்க வேண்டிய வேலைதான். அனுமதி இல்லாத வேலையை நிறுத்தவும் இடிக்கவும் 56, 57 பிரிவுகள் இருக்கின்றன. நோட்டீஸ் பெரும்பாலும் தானாக வராது. பக்கத்து வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்து அவர்கள் மனு கொடுத்தால்தான் வரும்.

அதனால் புது வீடு என்றால் குளத்தையும் வீட்டு வரைபடத்திலேயே காட்டிவிடுங்கள். பிறகு தனியாகச் சேர்ப்பதைவிட அலைச்சல் பாதி. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையதளத்தில் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. யாரும் முன்கூட்டி வந்து பார்க்காத முறை என்பதால், வரைபடத்தில் இல்லாத குளத்தைத் தோண்டினால் பொய்ச் சான்று கொடுத்த பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். மனை அதைவிடப் பெரிதென்றால் பதிவு பெற்ற பொறியாளர் மூலம் அதே ஒற்றைச் சாளர இணையதளத்தில் வழக்கமான விண்ணப்பம். மாநகராட்சி எல்லைக்கு வெளியே என்றால் ஊராட்சிதான் முதல் படி. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால் ஆற்காடு, வாலாஜா ஆட்களுக்கு மாவட்ட அலுவலகம் ராணிப்பேட்டை; ஆம்பூர், வாணியம்பாடிக்குத் திருப்பத்தூர்.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம், மனைப்பிரிவு அங்கீகாரம் எல்லாம் வீட்டுக்குக் கொடுப்பவைதான். கூடுதலாகக் காட்ட வேண்டியது குளத்தின் நீள அகலம், ஆழம், குறுக்குவெட்டு, கம்பி விவரம், மோட்டார் அறை, தண்ணீர் வெளியேறும் வழி. பலர் கோட்டை விடும் இடம் பக்கத் திறந்தவெளி. வீட்டைச் சுற்றி விட வேண்டிய இடத்தைத்தான் ‘சும்மா கிடக்கிறதே’ என்று குளத்துக்கு ஒதுக்குவார்கள். அங்கே வைத்தால் வரைபடம் திரும்பி வர வாய்ப்பு அதிகம், வராவிட்டாலும் வைக்காதீர்கள். 5½ அடி தோண்டினால் பக்கத்து அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 5½ அடி தள்ளித் தோண்டுவது கணக்கு. கொசப்பேட்டை மாதிரி பழைய தெருக்களில் கருங்கல் கடைக்கால் மூன்று நாலு அடியிலேயே நின்றுவிடும். அதன் அடிமண்ணைச் சரியவிட்டால் எந்த அனுமதியும் காப்பாற்றாது.

கோட்டையை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு கதவு. வேலூர்க் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கடுத்த 200 மீட்டருக்குள் முன் அனுமதி வேண்டும். அகழி நிறையத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வீட்டில் ஒரு தொட்டி கட்ட முடியாத நிலைமை!

இப்போது மண் கணக்கு. உள்ளளவு 20க்கு 10 அடி, 4 அடி தண்ணீர், 8 அங்குலக் கான்கிரீட் சுவர் என்று வைத்துக்கொள்வோம். சுற்றி வேலை செய்ய 2 அடி விட்டு 5½ அடி ஆழம் போனால் தோண்டுவது ஏறத்தாழ 21 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வெட்டிய மண் உப்பி 26 யூனிட் ஆகும். 3 யூனிட் டிப்பரில் ஒன்பது லோடு. மனைக்குள்ளேயே மேடுபடுத்த முடிந்தால் நல்லது. வெளியே ஏற்றுவதென்றால் கனிமவளத் துறையில் முதலில் கேட்டுவிட்டு வண்டியைக் கூப்பிடுங்கள், சீட்டு இல்லாத மண் வண்டி வழியில் பிடிபடும். மலையடிவாரத்தில் நாலு அடியில் பாறை தட்டினால் வெடி வைக்கும் யோசனையே வேண்டாம். உரிமம் பெற்றவரைத் தவிர யாரும் வெடிமருந்தைத் தொடக்கூடாது. பிரேக்கர் போட்டு உடையுங்கள், அல்லது ஆழத்தைக் குறையுங்கள். மூன்றரை அடியில் நன்றாகவே நீந்தலாம்.

பாலாற்றங்கரை, ஏரிக்கரைப் பகுதிகளில் சிக்கல் நேர் எதிர். மேலே சொன்ன தொட்டி காலியாக இருந்தால் அதன் எடை சுமார் 25 டன். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் விளிம்பு வரை ஏறினால் அது மேலே தள்ளும் விசை சுமார் 35 டன். தொட்டி தூக்கிக்கொண்டு எழும்பும், குழாய் இணைப்புகள் முறியும். 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது கற்பனை இல்லை. அடிவடிகாலில் அழுத்தம் விடுவிக்கும் வால்வு வையுங்கள், மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாதீர்கள். கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 3370, நீர்க்கசிவுத் தடுப்புக்கு ஐ.எஸ். 6494, இந்த இரண்டையும் வரைபடத்தில் எழுதித் தரும் பொறியாளரை வைத்துக்கொள்ளுங்கள். அடிவடிகால் ஒன்று போதாது. மூன்றடி இடைவெளியில் இரண்டு இருந்தால்தான் ஒன்றை உடம்பு அடைத்தாலும் உறிஞ்சிப் பிடிக்காது.

நிரப்ப 22,600 லிட்டர், 12,000 லிட்டர் லாரி இரண்டு. தெருக்குழாய்த் தண்ணீரை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீரென்றால் முதலில் பரிசோதனை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் போன்ற தோல் தொழில் பகுதிகளில் குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மணல் வடிகட்டியைக் கழுவும்போது ஒவ்வொரு முறையும் 400 லிட்டர் அளவுக்கு அழுக்குநீர் வரும். தெருவில் விட்டால் அடுத்த புகார் அதுதான். குளோரின் இறங்கியபின் தென்னைக்கு விடலாம்.

சுடுநீர்த் தொட்டி வாங்கி மொட்டைமாடியில் வைக்கிறவர்களுக்கு: தோண்டல் இல்லை, ஆனால் எடை இருக்கிறது. இரண்டு மீட்டர் சதுரத் தொட்டி 300 கிலோ, தண்ணீர் 1,200, ஐந்து பேர் 350. மொத்தம் 1,850 கிலோ, சதுர மீட்டருக்கு 460. ஆள் நடமாடும் மாடிக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமை சுமார் 150 கிலோதான். பழைய வீட்டு மாடியில் கட்டமைப்புப் பொறியாளர் எழுத்தில் சான்று தராமல் கிரேனை வரவழைக்காதீர்கள். ஹீட்டர் 3 கிலோவாட், மோட்டார் தனி. அனுமதிக்கப்பட்ட மின்சுமையைத் தாண்டினால் கூடுதல் சுமைக்கு மின்வாரியத்தில் விண்ணப்பம். 30 மில்லியாம்ப் கசிவுத் துண்டிப்பானும் தனி எர்த்தும் இல்லாமல் இணைப்புக் கொடுக்க ஒப்புக்கொள்ளும் எலக்ட்ரீஷியனை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.