ரெண்டரை கிலோ கடலையும் ஒரு லிட்டர் எண்ணெயும்: சின்னக் கடைக்கு விளம்பர வீடியோ எடுப்பது

மரச்செக்கு எண்ணெய்க்கடைக்கு ஒரு விளம்பர வீடியோ வேண்டும் என்று வருகிறவரிடம் கேமரா, பட்ஜெட் பேச்சுக்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: கடை வரைக்கும் வந்து பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் போகிறவர் என்ன சொல்லிவிட்டுப் போகிறார்? பதில் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். “பாக்கெட் எண்ணெயைவிட இவ்வளவு விலையா?” அந்த ஒரு வரிக்குப் பதில் சொன்னால் வீடியோ உருப்படும். சொல்லாவிட்டால் எவ்வளவு அழகாக எடுத்தாலும் உறவினர்கள் லைக் போடுவதோடு நின்றுவிடும்.

கடைக்காரரின் ஆசைகள் வேறு மாதிரி இருக்கும். தாத்தா காலத்துப் போட்டோ, மேலிருந்து ட்ரோன், சுழன்று வரும் லோகோ, எட்டு வகை எண்ணெயும் வரிசையாக. ஆசைப்படுவதில் தவறில்லை, அது அவர் உழைத்து உருவாக்கிய கடை. ஆனால் 45 வினாடியில் எட்டுச் செய்தி நிற்காது. ஒரு சந்தேகம், ஒரு பதில். மீதியை அடுத்தடுத்த வீடியோவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கடைக்கு அந்தப் பதில் ஒரு கணக்கு. மரச்செக்கில் ஆட்டும்போது நிலக்கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் எண்ணெயாக வரும். ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம். ஆக, லிட்டருக்கு ரெண்டேகாலிலிருந்து ரெண்டரை கிலோ பருப்பு போகிறது. எள்ளுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். கொப்பரையில் எண்ணெய் அதிகம், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் போதும். நிலக்கடலைப் பருப்பு கிலோ என்ன விலை என்பது பார்க்கிறவருக்கே தெரியும். தராசில் ரெண்டரை கிலோ பருப்பு, பக்கத்தில் அதிலிருந்து வந்த ஒரு லிட்டர் பாட்டில். இந்த ஒரு ஃப்ரேம் கிடைத்துவிட்டால் பெருக்கலை அவரே போட்டுக்கொள்வார். முழு வீடியோவையும் இந்த ஃப்ரேமை நோக்கித்தான் கட்ட வேண்டும்.

விலையை மட்டும் வீடியோவுக்குள் எழுதக் கூடாது. வித்துக்களின் விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இன்று பதித்த விலை தீபாவளிக்குள் பொய்யாகிவிடும். வீடியோவுக்குக் கீழே எழுதினால் நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்கிரிப்ட் எழுதும்போது சொற்களை எண்ணிப் பார்ப்பது நல்லது. தமிழ்ச் சொல் நீளமானது, நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்தான் போகும். 45 வினாடிக்கு 75 சொல் என்று வைத்துக்கொண்டு, அதிலும் பத்தைக் குறைத்து மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும். ஷாட் ஒன்றுக்குச் சராசரி ரெண்டு வினாடி என்றால் இருபது, இருபத்தைந்து ஷாட் தேவை. ஒவ்வொன்றையும் குறைந்தது எட்டு வினாடி எடுக்க வேண்டும். ரெக்கார்ட் பொத்தானை அழுத்திய அதிர்வும், நிறுத்தப் போகும் கையின் அசைவும் முன்னும் பின்னும் ரெண்டு வினாடியைத் தின்றுவிடும்.

நாள் குறிப்பதற்குமுன் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். மோட்டாரில் ஓடும் செக்கு அது. காலை 9 மணிக்குக் கரண்ட் போனால் அன்றைய வேலை முடிந்தது. மார்கழி, தை மாதத்து விடியற்காலையும் தேங்காய் எண்ணெய்க்கு ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே போனால் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். அது கலப்படம் இல்லை என்று விளக்க வேறொரு வீடியோ எடுக்க வேண்டி வரும் (உண்மையில் அதுவும் நல்ல தலைப்புதான்).

செக்கு நம் வசதிக்குக் காத்திருக்காது. ஒரு செக்கு, அதாவது ஒரு முறை போட்ட வித்தை, ஆட்டி முடிக்க முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம், வித்தைப் பொறுத்துக் கூடும், குறையும். பருப்பு நொறுங்குவது, மாவாகிக் கட்டியாவது, உலக்கையைச் சுற்றி எண்ணெய் கசிந்து மினுங்குவது, வழிந்து பாத்திரத்தில் விழுவது, கடைசியில் புண்ணாக்கைப் பெயர்த்து எடுப்பது எல்லாம் ஒவ்வொரு செக்குக்கும் ஒரே ஒரு முறைதான் நடக்கும். எள் என்றால் நடுவில் கருப்பட்டி போடும் கணமும் உண்டு. அதனால் முதல் செக்கைப் படமெடுக்காமல் நின்று பார்த்துவிட வேண்டும். எந்த நிமிடத்தில் என்ன நடக்கிறது, ஆட்டுகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார், கை எங்கே வருகிறது என்று குறித்துக்கொண்டு ரெண்டாவது செக்கை எடுத்தால் ஒன்றும் தவறாது. சுற்றும் செக்குக்குப் பக்கத்தில் ட்ரைபாடை நெருக்கி வைப்பதும், துப்பட்டாவோ தொங்கும் மைக் வயரோ அதன் அருகே போவதும் ஆபத்து.

இனி எண்ணெய். முன்னாலிருந்து லைட் அடித்தால் கடலெண்ணெய் பழைய இன்ஜின் ஆயில் மாதிரி மங்கிப் போகும். அதையே ஜன்னலுக்கும் கேமராவுக்கும் நடுவில் வைத்தால் வெளிச்சம் எண்ணெய்க்குள் நுழைந்து வந்து தங்கமாகத் தெரியும். பாட்டிலுக்குப் பின்னால் ஒரு ட்ரேசிங் பேப்பர் ஒட்டினால் ஜன்னல் கம்பிகளின் நிழல் மறைந்துவிடும். லேபிள் இருட்டாகிறதா? ஸ்டேஷனரி கடையில் வாங்கிய தெர்மாகோல் அட்டை ஒன்றை முன்பக்கம் சாய்த்துப் பிடித்தால் போதும். அன்று ஆட்டிய எண்ணெய் கலங்கலாகத்தான் இருக்கும். பாட்டில் ஷாட்டுக்கு ரெண்டு மூன்று நாள் வெயிலில் தெளிந்து மண்டி இறங்கியதை எடுக்க வேண்டும். பாட்டிலின் மேல் கைரேகை பட்டால் அது திரையில் பளிச்சென்று தெரியும். ஒரு பருத்தித் துணி எப்போதும் கையிலிருக்க வேண்டும்.

கடைக்குள்ளே எடுக்கும்போது படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் ஓடுவது பலருக்கும் நேர்வது. பிறகு எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. காரணம் எளிது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி டியூப் வினாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. போன் தானாக வினாடிக்கு 30 ஃப்ரேம், 1/60 வினாடி ஷட்டர் என்று வைத்துக்கொள்ளும்போது அந்தத் துடிப்போடு பொருந்தாமல் போகிறது. பிளாக்மேஜிக் கேமரா போன்ற இலவச ஆப் ஒன்றில் 25 ஃப்ரேம், 1/50 ஷட்டர் என்று பூட்டிவிட்டால் பட்டை போய்விடும். கூடவே ஒயிட் பேலன்ஸையும் (வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) பூட்ட வேண்டும், இல்லையென்றால் ஒரே ஷாட்டுக்குள் எண்ணெயின் நிறம் மாறும். ஜன்னல் வெளிச்சம் போதுமானால் டியூப்லைட்டையே அணைத்துவிடலாம். ரெண்டும் கலந்தால் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் இருக்கும்.

சத்தம்தான் இந்த வேலையில் மிகக் கடினம், இருந்தும் கடைசியாகத்தான் அதை யோசிக்கிறார்கள். செக்கு ஓடும்போது அருகில் நின்று பேச வைத்தால் ஒரு சொல்லும் தேறாது. பேட்டியைச் சரக்கு மூட்டை அடுக்கிய அறையில் எடுப்பது உத்தமம். கடலை மூட்டைகள் எதிரொலியை விழுங்கிக்கொள்கின்றன, ஸ்டுடியோவில் ஃபோம் ஒட்டுவதற்கு ஈடான பலன் செலவில்லாமல் கிடைக்கிறது. ஃபேனை நிறுத்த வேண்டும், பேசுகிறவருக்கு வியர்க்கும், துண்டு கொடுக்க வேண்டும். காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தலாம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுவது நல்லது. அது மைக்கில் உரசி மொறமொறக்கும், வெளிச்சத்தில் வெளுத்தும் போகும். செக்கு ஓடும் கிறீச்சிடலை மட்டும் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்து வைத்துக்கொண்டால், எடிட்டிங்கில் பேச்சுக்கு அடியில் மெல்லப் போடலாம். எந்தப் பின்னணி இசையைவிடவும் அந்த ஒலிதான் கடையைச் சொல்லும்.

உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் பள்ளிக்கூட ஆண்டு விழாப் பேச்சாகிவிடும். கேமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். “அண்ணே, ஒரு லிட்டருக்கு எவ்வளவு கடலை போகுது?” என்றால் “ரெண்டரை கிலோங்க” என்று முடித்துவிடுவார். நம் கேள்வியை வெட்டிவிட்டால் அந்தப் பதில் அந்தரத்தில் நிற்கும். “கேள்வியையும் சேர்த்தே சொல்லுங்கண்ணே” என்று ஒரு முறை சொன்னால் போதும். “ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ரெண்டரை கிலோ பருப்பு போகுதுங்க. அதுக்குக் கம்மியா போட்டு எடுக்க எனக்குத் தெரியாதுங்க.” இந்த ரெண்டாவது வாக்கியத்தை எந்த ஸ்கிரிப்ட்காரரும் எழுதிவிட முடியாது. முதல் பத்து நிமிடப் பேச்சு விறைப்பாக இருக்கும். அதை ஒத்திகையாக வைத்துக்கொண்டு, அவர் தளர்ந்தபின் முக்கியமான கேள்வியைத் திரும்பக் கேட்க வேண்டும்.

அவர் சொல்வதில் எதை வெட்ட வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. “சர்க்கரை குணமாகும்”, “மாரடைப்பே வராது” என்று நம்பிக்கையோடு சொல்வார். விளம்பரத்தில் அதை வைக்க முடியாது. உணவு விளம்பரங்களுக்கென்றே 2018-இல் வந்த விதிமுறைகள் நோய் தீர்ப்பதாகச் சொல்வதை அனுமதிப்பதில்லை. சுத்தமானது, இயற்கையானது, பாரம்பரியமானது போன்ற சொற்களுக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். எண்ணெயைப் பொட்டலமிடாமல் சில்லறையாக விற்கவும் தடை உண்டு. வாடிக்கையாளரின் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுக்கும் காட்சி கண்ணுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் வேண்டாம். மூடி, சீல், லேபிளோடு காட்டுவதே சரி. லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண் படிக்கிற மாதிரி தெரியட்டும்.

எடிட்டிங்கில் முதல் ரெண்டு வினாடிக்கு லோகோ கூடாது, எண்ணெய் விழும் ஷாட்தான். பலரும் சத்தத்தை அணைத்துவிட்டே பார்க்கிறார்கள், எனவே பேச்சை எழுத்தாகவும் போட வேண்டும். அங்கேதான் தமிழுக்கு ஒரு தனிச் சங்கடம். “கொப்பரை” என்று டைப் செய்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறி நிற்கும். பிரீமியர் புரோவில் கிராஃபிக்ஸ் அமைப்புக்குள் போய் டெக்ஸ்ட் இன்ஜினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றி, யூனிகோட் எழுத்துருவைத் தேர்ந்தால் சரியாகும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்து வந்த வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றாமல் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். ரீல்ஸ் வடிவத்தில் அடிப்பகுதியைப் பெயரும் பொத்தான்களும் மறைத்துக்கொள்ளும், எழுத்தை நடுவுக்குச் சற்றுக் கீழே நிறுத்துவது பாதுகாப்பு. சினிமாப் பாட்டு வேண்டும் என்பார்கள். உரிமம் வாங்காமல் போட்டால் வீடியோ முடங்கலாம், நோட்டீஸும் வரலாம். யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை இருக்கிறது, நம்மிடம் செக்கின் சத்தமும் இருக்கிறது.

கடைசி நாலு வினாடி போன் நம்பருக்கு. ஸ்கிரீன்ஷாட் எடுக்க அந்த நேரம் வேண்டும். முழு முகவரியை நெருக்கி எழுதுவதற்குப் பதில் “பஸ் ஸ்டாண்ட் எதிரில்” என்று ஒரு அடையாளம் போதும். முடிந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிவிடும், டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். எத்தனை முறை கரெக்‌ஷன், நீளவாக்கில் ஒன்றும் அகலவாக்கில் ஒன்றும் உண்டா, எடுத்த மொத்தப் பதிவும் யாரிடம் இருக்கும் என்பதை முன்பணம் வாங்கும்போதே எழுதிவிட்டால் பிறகு மனக்கசப்பு வராது. கடை இடம் மாறும், நம்பர் மாறும். அதனால் அந்தக் கடைசி அட்டை இல்லாத பிரதி ஒன்றையும், எடிட் செய்த புராஜெக்ட் ஃபைலையும் ஹார்ட் டிஸ்க்கில் தனியாக வைத்திருந்தால், புது முகவரியைச் சேர்க்க அரை மணி நேரம் போதும்.